டேனிஷ் கோட்டையில் நம் ஆட்கள் எங்கே?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் கீழ்சேப்பிலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பெரிய பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிபோலப் போட்ட சின்னச் சின்னக் கல் அறைகள் உண்டு. தொல்லியல் படித்தவர்கள் இவற்றைக் கற்திட்டை என்பார்கள். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. மலையில் கேட்டால் வேறு பதில் வரும். "அதுவா, குள்ளருங்க வீடு. அந்தக் காலத்துல இங்க குள்ளருங்க இருந்தாங்க. அவங்க கட்டினது."

போன வருடம் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் குள்ளர் கதையைச் சொன்னார். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி விடவில்லை.

"தாத்தா, நம்ம ஆளுங்களே கட்டியிருக்கக் கூடாதா?"

"நம்மளால இவ்ளோ பெரிய கல்லைத் தூக்க முடியுமா கண்ணு?"

"குள்ளருங்களால மட்டும் எப்படித் தாத்தா முடிஞ்சுது?"

எல்லோரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். ஆனால் மலையிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் முன்னோர் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்திருப்பார்கள் என்று நம்புவதைவிட, குள்ளர்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள் என்று நம்புவது அந்தப் பெரியவருக்குச் சுலபமாக இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

என் அம்மா சித்தாள். செங்கம் பக்கத்தில் எங்கள் காலனி. விடிவதற்கு முன் கிளம்பி, திருவண்ணாமலையில் கட்டட வேலைக்குப் போவார். கல், செங்கல், கலவை என்று இருபது வருடத்துக்கு மேல் தலையில் சுமந்திருக்கிறார். சின்ன வயதில் பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கட்டி முடிகிறவரை அந்த வீடு முழுக்க எங்களுடையதுதான். பூஜை அறை என்று கோடு போட்ட இடத்தில் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிடுவோம். அடுப்படி வரப்போகிற மூலையில் நான் தூங்கியிருக்கிறேன். ஒருமுறை, வேலை முடிந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போகும்போது "உள்ள போய்ப் பாக்கலாம்மா" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "பால் காய்ச்சிட்டாங்க. இனிமே நாம உள்ள போகக் கூடாது."

பால் காய்ச்சுவதற்கு முன்பும் அதற்குப் பின்பும் இருந்த அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல எனக்கு எம்.ஏ. சமூகவியல் வரை ஆயிற்று. விளக்கிச் சொல்ல முடிந்ததே தவிர, அது குறையவில்லை.

இந்த இரண்டு கல்வீட்டுக் கதைகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான், மூன்றாவதாக ஒரு வீட்டைப் பார்க்க மலைப் பிள்ளைகளோடு தரங்கம்பாடிக்குப் போனேன்.

*

விடிகாலையில் ஜமுனாமரத்தூரில் வேன் ஏறினோம். போளூர், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நீண்ட பயணம். பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே இல்லை. தரங்கம்பாடியில் இறங்கியதும் கோட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்து ஓடினார்கள். ஒரு மணி நேரம் அவர்களைக் கடலுக்கே விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் டான்ஸ்போர்க் கோட்டை. டேனியர் இந்த மண்ணில் கட்டிய முதல் வீடு. கோட்டை என்கிறோம், ஆனால் முதலில் அது வந்தேறிகள் தங்கிய வீடும் சரக்கு வைத்த கிடங்கும்தான். கீழே சரக்கறைகளும் சிறையும், மேலே ஆளுநருடைய அறைகள். முந்தைய நூற்றாண்டில் கொஞ்ச காலம் அரசாங்கப் பயணியர் விடுதியாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை கொடுத்தார். 1618-இல் கப்பல்கள் கிளம்பின. தலைவர் ஓவே கெட்டே. கிளம்பும்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. இலங்கை வந்து சேருவதற்குள் கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயில் செத்துப்போனார்கள். இலங்கையில் காரியம் நடக்கவில்லை. அதனால் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் வந்து, 1620 நவம்பரில் இந்தக் கடற்கரையில் கோட்டை கட்டவும் மிளகு வாணிகம் செய்யவும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தகடு நானூறு வருடமாகக் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நான் நிறுத்தியதும் கீழ்சேப்பிலியில் கேள்வி கேட்ட அதே பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, டென்மார்க்ல இருந்து கொத்தனாரும் சித்தாளும் கப்பல்ல வந்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமூகவியல் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். 'டேனியர் 1620-இல் கட்டினர்' என்ற வாக்கியத்தை எத்தனையோ இடத்தில் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். சித்தாளின் மகளான எனக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். பாதி ஆள் செத்து, மீதி ஆள் நோயோடு கரையேறிய கப்பல் அது. அவர்களா மண் குழைத்து, செங்கல் சுட்டு, கல் சுமந்து, அலை அடிக்கிற கரையில் அடித்தளம் தோண்டினார்கள்? செங்கல் இந்த மண். சுண்ணாம்பு இந்த ஊர்க் காளவாயில் வெந்தது. அதைச் சுமந்த தலைகளும் இந்த ஊர்த் தலைகள்தான். காவிரிப் படுகையில் மண் வெட்டுகிற, கல் சுமக்கிற, வரப்பு கட்டுகிற வேலை எந்தத் தெருவில் இருந்து வந்தது என்பதைச் சொல்ல ஆவணம் வேண்டியதில்லை. இன்றைக்கும் அதே தெருவில் இருந்துதான் வருகிறது.

மன்னருக்கு மன்னர் எழுதியது தங்கத் தகட்டில் இருக்கிறது. கூலிக்கு வந்தவளின் பெயர் ஒரு துண்டு ஓலையில்கூட இல்லை. பலகையில் டேனியர் பெயர் இருக்கிறது, நாயக்கர் பெயர் இருக்கிறது. கட்டினவர்கள் என்ற இடத்தில் குள்ளரைப் போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

*

கோட்டையின் கீழ்த்தளத்தில் இருட்டாக, வளைந்த கூரையோடு அறைகள் இருக்கின்றன. இந்தக் கோட்டைச் சிறையில் 1708 கடைசியில் ஒரு வெள்ளைக்காரரையே பூட்டி வைத்தார்கள் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு ஆச்சரியம்.

அவர் சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மன் பாதிரியார். 1706 ஜூலை 9-ஆம் தேதி புளூட்சோவோடு இங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்தார், அச்சகம் கொண்டுவந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் ஏன் சிறைக்குப் போனார் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு நாவிதரின் மனைவி. கணவர் இறந்துவிட்டார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே ஒரு கடன் தகராறு இருந்தது. அந்த விதவைக்காகச் சீகன்பால்கு திரும்பத் திரும்பத் தலையிட்டார். நேராகக் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் முன்னால், டேனியர் தேவாலயத்திலேயே போய் மண்டியிடு என்று அந்தப் பெண்ணுக்கு யோசனை சொன்னார். ஹாசியுஸுக்குக் கோபம் வந்தது. அழைத்தபோது, எழுத்தில் ஆணை கொடு என்றார் பாதிரியார். பிடித்து உள்ளே போட்டார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பாதிரியாரின் துணிச்சலைச் சொல்வார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. எனக்கு அந்தப் பெண்ணின் நினைவுதான் வருகிறது. புருஷன் செத்த வீட்டில், கம்பெனியில் செல்வாக்குள்ள ஆளோடு வழக்கு. அவள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தப் படி ஏறாமல் இருந்திருந்தால் பாதிரியார் சிறைக்குப் போயிருக்கவே வேண்டாம். அவள் பெயர் எனக்குத் தெரியாது. சிறை வைத்தவன் பெயரும் சிறைப்பட்டவர் பெயரும் தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னேன். 1707 மே 12-ஆம் தேதி இந்த மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது. ஐந்து பேர். ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். இந்தியப் புராட்டஸ்டண்ட் திருச்சபை என்று இன்று பெருமையோடு பேசுகிற வரலாறு அடிமைகளில் இருந்துதான் தொடங்குகிறது. ராஜ வீதியில் அழகாக வெள்ளையடித்து நிற்கிற வீடுகளைப் படம் பிடிக்கும்போது, அந்த ஐந்து பேரும் எந்த வீட்டின் எந்த மூலையில் படுத்திருப்பார்கள் என்றும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

*

கோட்டையில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் புதிய எருசலேம் தேவாலயம். 1718-இல் கட்டியது. சிலுவை வடிவம். சீகன்பால்குவின் கல்லறை உள்ளே இருக்கிறது. இங்கேதான் பிள்ளைகளை உட்காரவைத்து, நான் சொல்லவேண்டும் என்று மலையிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். இராஜநாயக்கனின் கதை.

பெயரைக் கேட்டுவிட்டு வேறு சாதி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமத்தின் பகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார். இதைக் கவனியுங்கள் தோழர்களே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பறையர் படைவீரர் அச்சுப் புத்தகத்தைத் தானே படிக்கிறார். யாரும் வந்து அவரை மீட்கவில்லை. படித்து, யோசித்து, தானே தேடிக்கொண்டு மிஷனுக்குப் போகிறார். பிறகு படைவேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆகிறார். தஞ்சைச் சீமையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராக நடந்தார். 1771-இல் இறந்தார்.

இடையில் நடந்ததுதான் முக்கியம். 1733-இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான். அடுத்து ஒருவருக்குக் கொடுக்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் இருந்தது. உழைப்பில், அறிவில், பக்தியில் அவருக்குக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-இல் பட்டம் டியோகோ என்பவருக்குப் போனது. இராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்தத் தேவாலயத்துக்குள் வேளாளர் முதலான சாதிகளில் இருந்து வந்தவர்கள் ஒரு பக்கமும் பறையர்கள் வேறு பக்கமுமாகத்தான் உட்கார்ந்தார்கள். சிலுவை வடிவத்தில் வீடு கட்டினார்கள். உள்ளே ஊரும் சேரியும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன.

ஒரு பையன் கேட்டான்: "அப்புறம் ஏன் அவரு அங்கயே இருந்தாரு? வெளிய வந்திருக்கலாம்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் அம்மாவிடமும் யாராவது கேட்கலாம். உள்ளே விடாத வீட்டுக்கு ஏன் கல் சுமந்தாய் என்று. கூலிக்காகத்தான். ஆனால் சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக எழும்பினால் அம்மா முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், அதை நான் பார்த்திருக்கிறேன். அது கூலியோடு சேராத கணக்கு. இராஜநாயக்கனுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம். அவர் கட்டியதை அவர் தன்னுடையது என்றே நினைத்திருக்கலாம். வாசலில் நிறுத்தியவர்களின் வெட்கக்கேட்டை அவர் தலையில் கட்டக்கூடாது என்றுதான் அந்தப் பையனிடம் சொன்னேன்.

நமக்கு இராஜநாயக்கனைத் தெரிவதற்குக் காரணம், மிஷனரிகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு விடாமல் எழுதி அனுப்பிய நாட்குறிப்புகளும் அறிக்கைகளும். இந்த ஒன்றுக்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம். பட்டம் கொடுக்கவில்லை, ஆனால் பெயரை எழுதிவைத்தார்கள்.

*

திரும்பும்போது கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே மேல்பட்டாம்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். வேண்டுமென்றே அங்கே நிறுத்தச் சொன்னேன். கதையின் அடுத்த பகுதி அந்த ஊரில் இருக்கிறது.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. கோட்டையும் தெருவும் கைமாறின. மிஷன் வேலை ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிடம் வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் பெரிய தமிழறிஞர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொண்டுபோனவர். பிறப்பில் உயர்வு தாழ்வு கிடையாது என்று சொல்கிற நூலை மொழிபெயர்த்த அதே மனிதர், சாதி என்பது சமூக வழக்கம், அதைத் திருச்சபை சட்டென்று உடைக்கவேண்டியதில்லை என்ற கருத்தில் இருந்தார். அதே காலத்தில் சென்னையில் மற்ற மிஷன்கள் கூடி, 1850-இல், சாதியை விடாதவருக்குத் திருச்சபையில் இடமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தன. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடத் தயாரா என்பதுதான் அன்றைக்குச் சோதனை.

லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி இந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. சண்டை போட்டார், வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து, பெத்தானியா என்று பெயர் வைத்துத் தனியாக வேலை தொடங்கினார். சில வருடங்களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும், திருவண்ணாமலையில் எல்லோருக்கும் தெரிந்த டேனிஷ் மிஷன் பள்ளியும் இந்தக் கொடியில் காய்த்தவைதான். வரும்வழியில் வேன் ஜன்னலில் பார்த்த பெயர்ப்பலகைகளைப் பிள்ளைகள் ஞாபகப்படுத்திச் சொன்னார்கள்.

ஆக, டேனியர் பெயரில் இரண்டு வகை வீடு இருக்கிறது. சாதிக்கு இடம் கொடுத்து நின்ற வீடு ஒன்று. அந்த இடத்தைக் கொடுக்கமாட்டேன் என்று வெளியேறியவர் எழுப்பிய வீடு இன்னொன்று. இரண்டாவது வீட்டுக்குள்ளும் பின்னால் சாதி எட்டிப் பார்க்காமல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் வைக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஆனால் சாதி ஒரு பிரச்சினை, அதற்காகத் தாய் அமைப்பையே விட்டு வெளியேறலாம் என்று ஒருவர் செய்து காட்டியது சின்ன விஷயம் இல்லை. ஓக்ஸ் போன்றவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியதில், தனியாக உட்காரவைக்கப்பட்டு, அதைப் பொறுக்கமுடியாமல் போன நம் ஆட்களுக்குப் பங்கில்லை என்று நான் நம்பவில்லை. சாதி வலிக்கிறது என்பது முதலில் வலித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் தாத்தா மிஷன் நடத்திய ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் காலனியில் முதல் கையெழுத்து அவருடையது. "வெள்ளைக்காரன் வரலைன்னா நாம இன்னும் மாட்டுத்தொழுவத்துலதான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். கல்லூரிக்குப் போனதும் அதே வார்த்தைக்காக அவரோடு சண்டை போட்டேன். இப்போது இரண்டும் செய்வதில்லை. பள்ளி திறந்தவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் ஐந்து மைல் நடந்து, வழியில் ஊர்க்காரர்கள் அடித்தால் வாங்கிக்கொண்டு, மறுநாளும் போனது என் தாத்தா. அந்தப் பள்ளியைக் கட்டியதில் அந்த நடைக்கும் பங்கு இருக்கிறது.

அந்தப் படிப்புக்கு நாங்கள் இன்றும் ஒரு விலை கொடுக்கிறோம். எங்கள் காலனியில் பல வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். கோயிலில் கூப்பிடுவது ஒன்று, சான்றிதழில் இருப்பது ஒன்று. 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருதமுடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். 2022-இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. ஊர்க்காரனுக்கு அவன் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பறையன். அரசாங்கத்துக்கு மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கழுவிப் போய்விட்டது. தேவாலயத்தில் இராஜநாயக்கனைப் பறையர் என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். இன்று அவர் இருந்திருந்தால், நீ பறையர் இல்லை என்று சொல்லித் தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள்.

இதைச் சொன்னதும் மலையாளிப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பழங்குடிச் சான்றிதழுக்கு மதம் குறுக்கே நிற்பதில்லை. அவர்களுக்கு வேறு அலைச்சல்கள் உண்டு, இது இல்லை. "ஒரே நாட்டுல ரெண்டு கணக்காக்கா?" என்றான் ஒருவன். ஆமாம் என்றேன்.

*

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலைக்கு வந்த முதல் வருடம், ஓர் ஊரில் எனக்குத் திண்ணைவரைதான் இடம். "என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். சாப்பாடு திண்ணைக்கு வந்தது. தட்டை நானே கழுவி வைத்தேன். பழங்குடி மக்களும் நிலமும் காடும் பறிபோய், செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போகிறவர்கள்தான். ஆனாலும் கீழே இருந்து மலையேறிய அந்தத் திண்ணை வழக்கம் அவர்கள் வீட்டிலும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, அந்த வீட்டுப் பையனைச் சூளையில் இருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்த அன்று, அவன் பாட்டி "உள்ள வாம்மா" என்றார். போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பையனை மீட்காமல் இருந்திருந்தால்? உதவி செய்த பிறகு திறக்கிற கதவை உரிமை என்று சொல்லமுடியாது. அந்தப் பாட்டியிடமே ஒருநாள் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தப்புதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னும் மலையில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடி போய்வந்த அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் ஊரிலேயே பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், வனத்துறை பங்களாவாக இருக்கலாம். பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு வயதானவர்களிடம் போய், கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், என்ன கூலி என்று கேளுங்கள். கட்டி முடிந்த பிறகு யார் உள்ளே போகமுடியவில்லை என்றும் கேளுங்கள்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பாரம்பரியக் கட்டடம் என்று சுற்றுலாத் துறை ஒன்றைக் காட்டினால், அது அவர்களுடைய பெருமை, நமக்கென்ன என்று விலகிப்போகாதீர்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போங்கள். அந்தச் சுவரில் நம் பாட்டன் பாட்டிகளின் வேர்வை இருக்கிறது. ஆவணத்தில் பெயர் இல்லையென்றால் இருக்கிற நினைவையாவது இன்றைக்கே எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்த கிழவிகள் நம் தெருக்களில் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் தன் ஊர்த் தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொண்டாள். பள்ளிச் சுவரில் திறந்துவைத்தவர் பெயரும் தலைமை தாங்கியவர் பெயரும் பளிங்குக் கல்லில் இருக்கின்றன. அவள் நோட்டில் பதினான்கு பெயர்கள் இருந்தன. ஓடையில் இருந்து கல் சுமந்த பெண்கள் ஏழு பேர், கல் உடைத்தவர்கள் ஐந்து பேர், கீழே இருந்து வந்த கொத்தனார் இரண்டு பேர். சுமந்தவர்களில் மூன்றாவது பெயர் அவளுடைய பாட்டி. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பாட்டி அதைச் சொன்னதே இல்லையாம்.

"ஏன் பாட்டி சொல்லலைன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேங்க்கா. யாரும் கேக்கலையே கண்ணுன்னு சொல்லிச்சு."

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். திருவண்ணாமலையில் நீ கட்டின வீடுகளெல்லாம் எந்தெந்தத் தெருவில் இருக்கிறது, சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றேன். எதுக்குடி இப்போ என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தெருவாகச் சொல்ல ஆரம்பித்தார். நோட்டில் நான்கு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் முடியவில்லை.